சாமி வந்த பிறகும் நிற்காத புல்லாங்குழல்

திருகோணமலை நகரத்தை ஒட்டிய ஒரு கோயில். பூங்காவனத் திருவிழா. இரவு பதினொன்றரை இருக்கும், எங்கள் கோஷ்டி ஏழாவது பாட்டின் நடுவில் நிற்கிறது. சாமி வெளிவீதி சுற்றி மேடைக்கு எதிரே வரப் பன்னிரண்டு மணியாகும் என்று சொல்லியிருந்தார்கள். அரை மணி முன்னதாகவே வந்துவிட்டது. ஐயர் கையைத் தூக்கினார். பாடகர் நிறுத்தினார், ட்றம்ஸ் நின்றது, கிற்றார் நின்றது, நானும் கீபோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். புல்லாங்குழல் மட்டும் நிற்கவில்லை. மேடையில் புல்லாங்குழல்காரரே கிடையாது. கூடவே நாலு பெண்கள் ஹம்மிங் கொடுக்கிறார்கள். அவர்களும் மேடையில் இல்லை. மணிச் சத்தத்துக்கும் தவிலுக்கும் மேலாக ஒரு பதினைந்து செக்கன் அந்த ஆளில்லாத சங்கீதம் தன்பாட்டில் ஓடியது. லப்டொப் இருந்த மூலைக்கு நான் வயர்களைத் தாண்டிப் போய்ச் சேர எடுத்த நேரம் அது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது: "எல்லாம் றெக்கோட்தான் பிள்ளை, சும்மா வாயசைக்கினம்."

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு மேடையில் நின்ற எட்டுப் பேரும் வாசித்துக்கொண்டுதான் இருந்தோம். புல்லாங்குழலும் ஹம்மிங்கும் பின்னால் ஒரு வயலின் கூட்டமும் மட்டுமே லப்டொப்பிலிருந்து வந்தவை. இப்படி முன்கூட்டியே பதிந்து வைத்து, ஆட்கள் வாசிக்கும்போது கூடவே ஓடவிடும் இசையைத்தான் கோஷ்டிக்காரர் 'ட்றாக்' என்கிறோம். பாடகரின் குரலை மட்டும் எடுத்துவிட்டு மிச்சமெல்லாம் அப்படியே இருந்தால் அது 'மைனஸ்'. மைனஸ் போட்டுப் பாடுவது கரோக்கே. அங்கே வாத்தியக்காரருக்கு வேலையில்லை. ட்றாக் அப்படியில்லை. அது வராமல் போன ஆட்களின் கதிரையில் வைத்த சாமான்.

ட்றாக் வந்தால் கூடவே 'கிளிக்'கும் வரும். ஓடத் தொடங்கிய ட்றாக் யாருக்காகவும் காத்திராது. ஆகவே அதன் அடி எங்கே விழுகிறது என்று மேடையில் ஒருவருக்காவது தெரிந்தே ஆகவேண்டும். அந்த ஒருவர் ட்றம்ஸ்காரர். அவர் காதுக்குள் மட்டும் 'டிக், டொக், டொக், டொக்' என்று ஒன்று போய்க்கொண்டிருக்கும். முதல் அடி சற்று உச்சத்தில், மற்ற மூன்றும் தாழ. சனத்துக்குக் கேட்காது. அவர் அதோடு போவார், நாங்கள் அவரோடு போவோம். அவர் தவறினால் எட்டுப் பேரும் தவறுவோம்.

இது ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால், சனத்தின் காது என்பேன். ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையின் தொடக்க காலத்தில் நின்ற எம். பி. பரமேஸ், எம். பி. கோணேஸ் சகோதரர்கள் இந்த ஊர்க்காரர். அந்தக் காலத்துப் பொப் பாட்டு ஒன்றை இரண்டு கிற்றாரும் ஒரு பொங்கோவும் இருந்தால் மேடையில் கொண்டுவந்துவிடலாம். சினிமாப் பாட்டு அப்படியா? முப்பது வயலின், இரண்டு வீணை, கோரஸ், நடுவில் எங்கிருந்தோ ஒரு ஷெனாய். இதை வானொலியில் ஆயிரம் தடவை கேட்ட ஆள்தான் உங்கள் முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிறார். இடையிசையில் அந்த ஷெனாய் வராவிட்டால் அவருக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். முன்பு இதையெல்லாம் கீபோட்காரர் இரண்டு கையால் சமாளித்தார். எங்கள் வயலின்காரர் இப்போது கனடாவில், புல்லாங்குழல்காரர் பிரான்சில். இருக்கிற ஆட்களுக்கும் ஒரு இரவுச் சம்பளத்தைப் பிரித்தால் கையில் மிஞ்சுவது பெற்றோல் காசு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசனில் ஹோட்டல்களில் வாசிக்கிறவர்கள் இன்னும் சுருங்கிவிட்டார்கள்: ஒரு கிற்றார், ஒரு குரல், மிச்சமெல்லாம் போனுக்குள்.

எங்கள் ஊர் மேடைகளில் அதிகம் காண்கிற ஏற்பாடு மிக எளிது, அதனாலேயே விபத்து நிறைந்தது. ஸ்ரீரியோக் கோப்பு ஒன்றில் இடப்பக்கம் முழுக்கக் கிளிக், வலப்பக்கம் முழுக்க ட்றாக் என்று பிரித்துப் பதிந்துகொள்வது. போனின் இயர்போன் ஓட்டையில் ஒரு வை வயர். அது இரண்டாகப் பிரிந்து ஒன்று ட்றம்ஸ்காரரின் பக்கத்திலுள்ள சின்ன மிக்சருக்கும் மற்றது சவுண்ட்ஸ்காரரின் பெரிய மிக்சருக்கும் போகும். கிளிக்கும் ட்றாக்கும் ஒரே கோப்பில் இருப்பதால் ஒன்றைவிட்டு ஒன்று விலகவே விலகாது. இதைவிட நம்பகமான பூட்டு வேறில்லை. இரண்டு போனில் இரண்டையும் வைத்து "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி ஒன்றாக அமத்திப் பார்த்தவர்களையும் கண்டிருக்கிறேன். அது முதல் அடியிலேயே பிசகும்.

விலை என்னவென்றால் ட்றாக் மோனோவாகிவிடும், அதாவது இடம் வலம் என்ற பிரிவில்லாத ஒற்றை ஒலி. கோயில் வீதியில் அதை யாரும் கவனிக்கப்போவதில்லை. கவனிக்கப்படுவது வேறொன்று. வை வயரின் இரண்டு ஜக்கும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் சிவப்பு வளையம், மற்றதில் வெள்ளை. இருட்டில், அவசரத்தில், மாறிச் செருகினால் ட்றம்ஸ்காரரின் காதுக்குள் வயலின் கூட்டமும், பன்னிரண்டு ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்க 'டிக் டொக் டொக் டொக்'கும் போகும். எங்களுக்கு ஒருமுறை நடந்தது. அறிவிப்பாளர் "கடிகாரம் ஒன்று மேடைக்கு வந்திருக்கிறது" என்று சமாளித்தார். அதற்குப் பிறகு கிளிக் போகிற ஜக்கில் கறுப்புத் துணி ரேப்பைத் தடிப்பாகச் சுற்றி வைத்திருக்கிறோம். கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம்.

போன் என்றால் போன் வரும் என்பதையும் மறக்கக்கூடாது. பிளைட் மோட் போடாமல் பாட்டைத் தொடங்கினால், இரண்டாம் சரணத்தில் யாரோ ஒரு மாமா அழைப்பெடுப்பார், ட்றாக் நின்றுவிடும். புளூருத் இயர்போன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. சாதாரண புளூருத்தில் சத்தம் 0.1 முதல் 0.2 செக்கன் வரை, சிலவற்றில் அதற்கும் மேலே, பிந்தித்தான் காதுக்கு வரும். நிமிடத்துக்கு 120 அடி போகிற பாட்டில் ஓர் அடிக்கு 0.5 செக்கன். அதில் 0.2 பிந்தினால் ட்றம்ஸ்காரர் சரியாக வாசித்தும் எல்லாமே பிந்தியதாகத்தான் கேட்கும்.

லப்டொப்புக்கு மாறினால் இன்னொரு தலையிடி. சார்ஜரைச் செருகியவுடன் ஒலிபெருக்கிப் பொக்ஸில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்த முனகல் அதுவும் அதன் மடங்குகளும்தான். லப்டொப்பும் மிக்சரும் வேறு வேறு இடத்தில் எர்த் ஆகும்போது இடையிலுள்ள ஒலி வயரின் கவசக் கம்பி வழியாக மின்னோட்டம் சுற்றி வருகிறது. இடையில் டீஐ பொக்ஸ் என்கிற சின்ன இணைப்புப் பெட்டி ஒன்றை வைத்து அதிலுள்ள எர்த் சுவிட்சைத் தள்ளிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. நனைந்த மண்ணில் வெறுங்காலோடு நின்று பாடுகிற பாடகரின் கையிலிருக்கும் மைக் உலோகத்தால் ஆனது என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

கரண்ட் போய் ஜெனரேற்றருக்கு மாறுகிற இருபது செக்கனில் நடக்கிறது எனக்கு எப்போதும் சிரிப்புத்தான். மிக்சர் செத்துவிடும், பொக்ஸ் செத்துவிடும். லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் திரும்பும்போது ட்றாக் மட்டும் பல்லவியை முடித்து இடையிசைக்குள் போயிருக்கும்.

இதெல்லாம் வயர் சங்கதி. காலம் பற்றிய சங்கதி இதைவிட நுட்பமானது.

ஒரு பாட்டு நிமிடத்துக்கு 100 அடி, நான்கு நிமிடம் என்று வையுங்கள். மொத்தம் 400 அடி. கிளிக் இல்லாமல் வாசிக்கிற ட்றம்ஸ்காரர் கொஞ்சம் உற்சாகத்தில் 102க்குப் போய்விட்டார். கேட்கிற யாருக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் அவர் 400 அடியை 3 நிமிடம் 55 செக்கனில் முடித்துவிடுவார். ட்றாக்கைவிட ஏறத்தாழ ஐந்து செக்கன் முந்தி, அதாவது எட்டு அடி. நாலு நாலாக எண்ணினால் இரண்டு சுற்று. பாடகர் பல்லவிக்குத் திரும்பியிருப்பார், லப்டொப்பிலுள்ள பெண்கள் இன்னும் சரணத்துக்கு ஹம்மிங் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மனுசக் கை நூற்றுக்கு இரண்டு பிசகுவது குற்றமே இல்லை. ட்றாக் இருக்கும்போது மட்டும் அது குற்றமாகிவிடுகிறது.

தவில்காரரிடம் இதைச் சொன்னால் அவர் காலப்பிரமாணம் என்பார். எடுத்த காலம் முடியும் வரை பிசகக்கூடாது என்பது நம் சங்கீதத்தில் புதிதாக யாரும் சொல்லவேண்டிய பாடமில்லை. என்றாலும் கச்சேரியில் அந்தக் காலத்தைப் பிடித்திருப்பது வாசிக்கிறவர்களேதான். ஒருவர் லேசாக இழுத்தால் மற்றவர் விட்டுக்கொடுப்பார், சுற்றை முடிக்கிற தீர்மானம் வரும்போது எல்லோரும் ஒன்றாய் வந்து இறங்குவார்கள். கிளிக் விட்டுக்கொடுக்காது. எங்களோடு ஒரு கலப்பு நிகழ்ச்சிக்கு வந்த மூத்த தவில் வித்துவான் ஒருவரின் காதில் இயர்போனை வைத்துப் பார்த்தோம். அரை நிமிடம் பொறுமையாகக் கேட்டார். கழற்றித் தந்துவிட்டு, "தம்பி, இது தாளம் போடுற ஆள் இல்ல, சம்பளக்காரன்" என்றார். சிரித்தோம். பிறகு அவர் கிளிக் இல்லாமலே வாசித்தார், நாங்கள் ட்றாக்கை எடுத்துவிட்டோம்.

அதே வித்துவான் பக்கத்தில் சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மின்சாரச் சுருதிப்பெட்டியும் ஒருவகையில் ஆளில்லாமல் ஓடுகிற இசைதானே? தம்புரா மீட்டுகிற ஒரு மனிதரின் கதிரை அங்கேயும் காலி. அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. என் கணக்கில் காரணம் ஒன்றுதான்: சுருதிப்பெட்டிக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது, எப்போது நிறுத்தினாலும் யாரையும் நடுவழியில் விட்டுவிட்டுப் போகாது. ட்றாக்குக்குள் நேரம் இருக்கிறது. அந்த நேரம்தான் சாமி வந்தபோது எங்களைக் காட்டிக்கொடுத்தது.

பழைய பாட்டுகளுக்கு ட்றாக் செய்கிறவர்கள் சறுக்குகிற இடமும் இந்த நேரம்தான். 60களிலும் 70களிலும் ஒரே கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து வாசித்துப் பதிந்த பாட்டுகளில் வேகம் ஒரே கோட்டில் நிற்காது. சரணம் தொடங்குமுன் மூச்சு விடுகிற மாதிரி ஒரு தளர்வு இருக்கும். அதைக் கணினியில் 112 என்று ஒரே எண்ணில் இறுக்கிக் கட்டினால் சுரமெல்லாம் சரியாக இருந்தும் பாட்டு கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்து நிற்கும். கணினியிலேயே தாளம் கட்டிப் பதிந்த 90களுக்குப் பிந்திய பாட்டுகளுக்குக் கிளிக் கச்சிதமாகப் பொருந்தும். அவை கிளிக்கில் பிறந்தவைதான்.

ட்றாக் செய்வதும் இப்போது சின்னப் பிள்ளைகளின் வேலையாகிவிட்டது. முன்பு ஒரு பாட்டிலிருந்து குரலை எடுக்க ஒரு தந்திரம் இருந்தது: இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழிப்பது. நடுவில் வைத்துக் கலந்த குரல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் மறைந்துவிடும். நடுவிலேயே இருக்கிற பேஸ் கிற்றாரும் அதோடு போய்விடும், மிஞ்சுவது சக்கை. பழைய மோனோ இசைத்தட்டில் அந்தத் தந்திரம் பலிக்கவே பலிக்காது. 2019இல் பிரான்சின் டீசர் நிறுவனம் ஸ்பிளீற்றர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. பழக்கப்பட்ட கணினி மூளை குரலையும் ட்றம்ஸையும் பேஸையும் தனித்தனியே பிரித்துக் கொடுக்கும். அதன் பிறகு வந்தவை இன்னும் துப்புரவாகப் பிரிக்கின்றன. பின்னேரம் பாட்டைக் கேட்டு, ட்றம்ஸை மட்டும் கழித்துவிட்டு, இரவு மேடைக்குக் கொண்டுவருகிற பொடியன்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அதில் வாசித்த வயலின்காரர்களுக்கு யார் காசு கொடுத்தது என்ற கேள்வி அந்த மேடையில் எழுவதில்லை.

கிளிக் நம்மிடம் மேடை வழியாக வந்தாலும் அது பிறந்தது சினிமாவில். 1920களின் கடைசியில் வோல்ட் டிஸ்னியின் கேலிச்சித்திரப் படங்களுக்கு இசையையும் அசைவையும் ஒன்றாகப் பொருத்த வழி தேடினார்கள். படச்சுருளின் ஓரத்தில் கணக்குப் பார்த்துத் துளையிட்டால், ஒலி வாசிக்கும் கருவியில் அது 'டிக்' என்று கேட்கும். வாத்தியக்காரர் அதைக் காதில் வைத்து வாசித்தார்கள். அங்கிருந்து அது ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும், பிறகு மேடைக்கும் வந்தது. 70களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் 'த ஹூ' குழு சிந்தசைசர் பதிந்த ஒலிநாடாவை மேடையில் ஓடவிட்டு வாசித்தது. ட்றம்ஸ்காரர் கீத் மூன் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருந்த படங்கள் அந்தக் காலத்தவை. 1973 நவம்பரில் நியூகாசில் மேடையில் நாடா நேரம் பிசகியபோது கிற்றார்காரர் பீற் ரவுன்ஷென்ட் கோபத்தில் ஒலிக்காரரைப் பிடித்து இழுத்து நாடாக்களையும் பிய்த்தெறிந்தார். எங்கள் கோயில் சம்பவத்தன்று என்னை யாரும் இழுக்கவில்லை. ஏசினார்கள், அவ்வளவுதான்.

ட்றாக் என்றாலே ஏமாற்று என்ற பெயர் வந்ததற்கு இன்னொரு சம்பவம் பெரிய காரணம். மில்லி வனில்லி என்ற இருவர் குழு 1989இல் அமெரிக்க மேடையொன்றில் பாடிக்கொண்டிருந்தபோது பதிவு சிக்கி ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது. இசைத்தட்டில் இருந்ததே அவர்களுடைய குரல் இல்லை என்று அடுத்த வருடம் வெளியே வந்து, வாங்கிய கிராமி விருது திரும்பப் பெறப்பட்டது. குரலை ட்றாக்கில் போடுவதற்கும் வயலினைப் போடுவதற்கும் உள்ள தூரத்தைச் சனம் பிரித்துப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். பாடகர் வாயசைத்தால் அந்தக் கோஷ்டியோடு நான் ஏறமாட்டேன்.

கிளிக்கைத் திட்டிக்கொண்டே எழுதுகிறேன் போலத் தெரிகிறது. அது எங்களைக் காப்பாற்றிய இடத்தையும் சொல்லவேண்டும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாய்களை வீதி நெடுகத் தென்னையிலும் கம்பத்திலும் கட்டிக்கொண்டு போவார்கள். சத்தம் இங்கத்தைய வெக்கையில் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். 170 மீற்றர் தள்ளிக் கட்டிய குழாயின் சத்தம் மேடைக்கு வந்துசேர அரைச் செக்கன் ஆகும். 120 வேகப் பாட்டில் அது முழுதாக ஓர் அடி. பாடகருக்குத் தன் குரலே ஓர் அடி பிந்தி வீதியிலிருந்து திரும்பி வரும். ட்றம்ஸ்காரருக்குத் தன் ஸ்னெயார் மேளத்தின் அடி இரட்டையாகக் கேட்கும். காது தன்னையறியாமல் அந்தப் பிந்திய சத்தத்துக்குக் காத்திருக்கத் தொடங்கும், பாட்டு இழுபடும். காதை அடைத்துக்கொண்டு உள்ளே கிளிக் ஓடினால் வீதி என்ன சொன்னாலும் கை அசையாது. டச் பே கடற்கரையில் திறந்த மேடையில் காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போகும்போதும் இதே கதைதான். ட்றாக்கே இல்லாத பாட்டுக்குக்கூட எங்கள் ட்றம்ஸ்காரர் முதல் எட்டு அடிக்குக் கிளிக் கேட்டு வேகத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு நிறுத்திவிடுவார். கிளிக்கை அப்படிப் பாவிப்பதுதான் எனக்குப் பிடித்தது.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. ட்றம்ஸ் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று கிளிக்கைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்கிற கணக்குப்படி 85 டெசிபலை எட்டு மணிநேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் பதினைந்து நிமிடம்தான். கூர்மையான 'பீப்' சத்தத்துக்குப் பதில் மரக்கட்டைச் சத்தத்தைப் போட்டு, காதை நன்றாக அடைக்கிற இயர்போனை வாங்கினால் பாதிச் சத்தத்திலேயே வேலை முடியும். எங்கள் ஆள் இதைக் கேட்டது ஒரு காது இரைய ஆரம்பித்த பிறகுதான்.

மீண்டும் அந்தப் பதினைந்து செக்கனுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து மேடையில் ஒரு பாட்டின் நீளத்தைக் கோஷ்டி தீர்மானிப்பதில்லை. உபயகாரருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று அறிவிப்பாளர் நடுவில் புகுவார். காணாமற்போன பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்ல வேண்டும். பொடியன்கள் ஆடத் தொடங்கினால் அந்த இடத்தையே நாலு தரம் சுற்ற வேண்டும். சாமி வந்தால் நிற்க வேண்டும். பழைய கோஷ்டிக்காரர் இதில் விண்ணர்கள்: தலைவர் ஒரு விரலைச் சுழற்றினால் இடையிசை திரும்பும், கையை மூடினால் நிற்கும். ட்றாக் வந்த பிறகு நாங்கள் இழந்தது இந்தக் காத்திருக்கிற வித்தையைத்தான். புல்லாங்குழல்காரரின் சம்பளம் மிச்சமானது உண்மை. கையை மூடினால் நிற்கிற புல்லாங்குழல் போனதும் உண்மை.

கருவியிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருளில் பாட்டைத் துண்டு துண்டாக வைத்து, பெடலை அமத்தும் வரை ஒரே இடையிசையைச் சுற்றவிடலாம். அமத்தினால் அடுத்த சுற்றின் தொடக்கத்தில் சரணத்துக்குத் தாவும். பெரிய குழுக்களில் இதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். எங்களிடம் அதைத் தெரிந்தவன் நான் ஒருவன், என் இரண்டு கையும் கீபோட்டில். ஆகவே அந்தத் திருவிழாவுக்குப் பிறகு லப்டொப்பை ட்றம்ஸ்காரரின் இடப்பக்கம் நகர்த்தி, 'நிறுத்து' என்ற ஒரே வேலை செய்கிற பெடலை அவர் காலால் மிதிக்கிற ஹைஹற் தாளத்தட்டுக்குப் பக்கத்தில் ரேப் போட்டு ஒட்டினோம். பாடகர் திரும்பிப் பார்த்தால் போதும், மிதித்துவிடுவார்.

எந்தப் பாட்டுக்கு ட்றாக் என்பதிலும் மாறிவிட்டோம். பதினெட்டுப் பாட்டில் இப்போது நாலோ ஐந்தோதான். கடைசியில் வருகிற பைலாத் தொடருக்குக் கிடையாது. ஆறெட்டுத் தாளத்தில் ஆடுகிறவர்கள் வேகத்தைக் கூட்டக் கூட்ட நாங்களும் கூட்டித்தான் ஆகவேண்டும். சாமி வருகிற நேரத்தை அண்டிய மூன்று பாட்டுக்குக் கிடையாது. முதலில் பாடுகிற பிள்ளையார் பாட்டுக்கும் கிடையாது, அந்த நேரத்தில் சவுண்ட்ஸ்காரர் எந்த மைக் எந்த வயரில் என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருப்பார்.